ஜொன்ஜுவா, கியோங்ஜுவா?

தென்கொரியத் தலைநகர் சியோலில் வசிப்பவருக்கு இரண்டு நாள் விடுமுறை வாய்த்தால், இந்த இரு ஊர்களுள் எதற்குச் செல்வது என்பதே முதலில் எழும் கேள்வி.

உணவே நோக்கமென்றால் ஜொன்ஜுவுக்குச் செல்லலாம். யுனெஸ்கோ 2012இல் உணவுக்கலை நகரமாக ஏற்ற ஊர் அது. முளைகட்டிய சோயாப்பயறு, கீரை, காளான், முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றைச் சோற்றின்மேல் வண்ணம் வண்ணமாக அடுக்கி, நடுவில் மிளகாய் விழுது வைத்துத் தரும் பிபிம்பாப்பை நீண்ட கரண்டியால் அடிவரை கிளறி உண்ணும்போது, நம் கலந்த சாதங்களின் நினைவு தானாகவே வருகிறது. பச்சை மாட்டிறைச்சி சேர்ப்பதும் அங்கு வழக்கம் என்பதால், சைவர்கள் ‘கோகி பே ஜுசெயோ’ (இறைச்சி வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காலையில் கிடைக்கும் முளைப்பயறுச் சூப்புச்சோறு தெளிந்த நீராய், சைவம்போலத் தெரிந்தாலும், அதில் பெரும்பாலும் நெத்திலிச் சாறு இருக்கும். ஓட்டுக்கூரை வீடுகள் நிறைந்த ஹனோக் கிராமத்தை அரை நாளில் சுற்றிவிடலாம்.

பண்டைய கொரிய அரசான சில்லாவின் தலைநகராக இருந்த கியோங்ஜுவுக்கோ இரண்டு நாள்களும் போதா. ஊருக்கு நடுவே பசும்புல் போர்த்திய குன்றுகளாக அரச சமாதிகள் எழுந்து நிற்க, அவற்றுள் சொன்மாசொங்கின் உள்ளேயே நுழைந்து கல்லடுக்கைப் பார்க்கலாம். 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களான புல்குக்சா கோயிலும் சொக்குராம் குகைப் புத்தரும் மலைப்பக்கம் உள்ளன. உண்பதற்குச் சிவப்புப் பயறுப் பூரணம் வைத்த ஹ்வாங்னம் ரொட்டி சூடாகக் கிடைக்கும். விரைவு ரயில் நிலையம் நகருக்கு வெளியே இருப்பதால் பேருந்து நேரத்தையும் கணக்கிட வேண்டும்.

முதல் பயணத்துக்கு நான் கியோங்ஜுவையே சொல்வேன்; பசியோடு வருபவரை மட்டும் ஜொன்ஜுவுக்கு அனுப்புவேன்.