கைவிட்ட ஸ்கீ சரிவு: விதை மூட்டையா, பச்சைப் புல்லா, புல் பாளமா?

ஜெர்மனியின் இம்மென்ஷ்டாட் அருகே க்ஷ்வெண்டர் ஹோர்ன் மலையில் 1990களிலேயே ஸ்கீ லிஃப்ட்களைக் கழற்றிச் சரிவை இயற்கைக்குத் திருப்பினார்கள். ஆல்ப்ஸில் பனி குறைந்துபோன தாழ்வான சரிவுகள் பலவற்றுக்கு இப்போது அதே வேலை காத்திருக்கிறது. தூண்களை அகற்றி, கான்கிரீட் அடித்தளத்தைத் தரைக்குக் கீழே அரை மீட்டர் வரை உடைத்தெடுப்பது சுலபமான பகுதி. மேலே எதை வளர்ப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

முதலில் மண்வெட்டியை எடுத்துப் பத்து இடங்களில் 20 செ.மீ. தோண்டிப் பாருங்கள். வேர் பின்னிய கறுத்த அடுக்கு வந்தால், மரமும் பாறையும் மட்டுமே அகற்றப்பட்ட சரிவு அது. எடுத்த எடுப்பில் சரளை வந்தால் புல்டோசர் மேல்மண்ணை வழித்துவிட்டது என்று பொருள். முதல் வகையைச் சும்மா விட்டாலே பெரும்பாலும் தேறிவிடும். இரண்டாவதைச் சும்மா விடுவது சோம்பேறித்தனம். உயரமான ஆல்பைன் புல்வெளியின் முதுகெலும்பான காரெக்ஸ் கர்வுலா என்ற கோரைப்புல் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பக்கவாட்டில் பரவும். அது வந்து மூடுவதற்குள் மழை மிச்ச மண்ணையும் இறக்கிவிடும்.

கடையில் வாங்கும் விதைக்கலவைதான் மலிவு. ரைகிராஸ், சிவப்பு ஃபெஸ்க்யூ, வெள்ளை க்ளோவர் என்று தாழ்நிலத் தாவரங்கள். சதுர மீட்டருக்கு 20 முதல் 30 கிராம். முதல் கோடையில் பச்சைப்பசேலென்று இருக்கும், படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் மர எல்லைக்கு (அதற்கு மேல் மரம் வளராத உயரம்) மேலே குறுகிய கோடையில் இவற்றால் விதை முற்றவைக்க முடியாது. உரத்தை நிறுத்திய இரண்டு மூன்று வருடத்தில் திட்டுத் திட்டாக அழியும். உரத்தைத் தொடர்ந்தாலோ, சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப்பூக்கள் திரும்பி வராது.

அதே மலைப்பகுதியில் சேகரித்துப் பெருக்கிய விதை (போவா அல்பினா, ஆந்திலிஸ், மலை டிமோத்தி முதலியவை) கிலோவுக்கு விலை பல மடங்கு. அளவு குறைவு, சதுர மீட்டருக்கு 8 முதல் 15 கிராம் போதும். அதாவது ஹெக்டேருக்கு 80 முதல் 150 கிலோ. மேலே சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிராம் வைக்கோல் மூடாக்கு கட்டாயம். வைக்கோல் இல்லாமல் செங்குத்துச் சரிவில் தூவினால் முதல் இடிமழையிலேயே விதை அடிவாரத்தில் கிடக்கும். புல் போர்வை 70 சதவீதத்தைத் தொட்டால்தான் அரிப்பு அடங்கும்.

விலைக்குக் கிடைக்காத இனங்களும் வேண்டுமென்றால் பச்சைப் புல் பரப்புவதே வழி. பக்கத்தில் அதே உயரம், அதே மண் உள்ள நல்ல புல்வெளியை விதை முற்றும் நேரத்தில் அறுத்து, அன்றே கொண்டுவந்து 5 முதல் 10 செ.மீ. தடிமனில் விரிக்க வேண்டும். விதையும் மூடாக்கும் ஒன்றாகவே வந்துவிடும். வண்டியில் இரவு முழுக்கக் கிடந்த குவியலுக்குள் கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டில் விதை செத்துப்போகும். தடிமனாகப் போட்டால் அடியில் அழுகும், மெலிதாகப் போட்டால் காற்று வாரிக்கொண்டு போகும். ஒரே அறுப்பில் எல்லா இனங்களின் விதையும் கிடைக்காது. ஆகவே பாதியை மூன்று வாரம் கழித்து அறுப்பது நல்லது. முதல் வருடம் சரிவு காய்ந்த பாய் மாதிரித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல மலை விதைகள் ஒரு குளிர்காலம் கடந்த பிறகே முளைக்கும்.

புல் பாளம், அதாவது வேரும் மண்ணுமாக வெட்டியெடுத்த புல்தரைத் துண்டு, எல்லாவற்றிலும் உறுதியானது, ஆனால் எங்கிருந்து வெட்டுவது? இன்னொரு புல்வெளியைக் காயப்படுத்தி இதை ஆற்றுவதில் அர்த்தமில்லை. தூண் அடித்தளம், குழாய்ப் பள்ளம் தோண்டும்போது கிளம்பும் பாளங்களை மட்டும் 20 செ.மீ. மண்ணோடு எடுத்துவைத்து, சில நாட்களுக்குள் திருப்பிப் பதியுங்கள். சுற்றுத்தரையை விட மேடாக நின்றால் ஓரம் காய்ந்து சுருங்கும். இடுக்குகளில் மண் நிரப்பாவிட்டாலும் அப்படியே.

மர எல்லைக்குக் கீழே, வண்டிப்பாதை இருந்தால் பச்சைப் புல். மேலே உள்ளூர் விதையும் வைக்கோலும். நீர் அரிக்கும் வளைவுகளில் பாளம். இதுவே எங்கள் தேர்வு. எதைப் போட்டாலும், பனிவண்டியும் இயந்திரங்களும் இறுக்கிய தரையை அதற்கு முன் சரிவின் குறுக்காகக் கீறி, மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பும் வாய்க்கால் வெட்டியாக வேண்டும். கீறலை மேலிருந்து கீழாக இழுத்தால் ஒவ்வொரு கோடும் ஓடையாகிவிடும். இரண்டு கோடைகளுக்கு ஆடுமாடு நுழையாமல் வேலி. அதன்பின், மர எல்லைக்குக் கீழே, மேய்ச்சலோ அறுப்போ தொடங்காவிட்டால் பச்சை ஆல்டர் புதர் பூந்துவிடும்.