30 கிலோவுக்குள் எது: குளிர்க்கோட்டா, கறித்தூளா?

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஓகஸ்ட் மாதம், ஒரு செமஸ்டர் பரிமாற்றப் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர் நோர்வேயின் பேர்கன் நகரத்துக்குப் புறப்பட்டோம். ஒரே விமானம், ஆளுக்கு ஒரே 30 கிலோ. பெட்டிகள்தான் வேறு. என் தோழியின் பெட்டியைத் திறந்தால் நுவரெலியாவில் குளிருடுப்பு விற்கும் கடை. என்னுடையதைத் திறந்தால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை.

அவள் குளிருக்கு வேண்டியதையெல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டாள். தடித்த கோட்டு, முழங்கால்வரை சப்பாத்து, நான்கு சுவெட்டர், ஒரு போர்வைகூட. நான் ஒரு மெல்லிய சுவெட்டரோடு நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தை அம்மா வறுத்து மில்லில் திரித்த தூளுக்கும், சிவப்பரிசி மாவுக்கும், ஒடியல் மாவுக்கும், புழுக்கொடியலுக்கும், நெத்தலிக் கருவாட்டுக்கும் கொடுத்தேன். குளிருடுப்பை அங்கே போய்ப் பழசாக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. "பிள்ளை, குளிரில விறைச்சுப்போவாய்" என்று அம்மா புறப்படும் நாள்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தோழி வீட்டிலோ, தூளைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள்.

இப்போது அடுத்தடுத்த அணிகளில் போகும் தம்பி தங்கைகள் இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்: தூளின் பக்கம். காரணம் நாக்கு மட்டும் இல்லை.

எந்தக் கட்சிக்காரரும் கட்டாயம் எடுக்க வேண்டியவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சான்றிதழ்களின் மூலப் பிரதிகள், அனுமதிக் கடிதம், வைத்தியரின் துண்டோடு மருந்துகள், பவர் பேங்க் ஆகியவை கைப்பையில். கண்ணாடி போடுகிறவர் இன்னொரு கண்ணாடி செய்துகொண்டு போகட்டும். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். செருகியின் வடிவம்தான் வேறு. அதனால் இங்கிருந்து ஒரு நீட்டுவயர்ப் பலகையும் ஒரேயொரு மாற்றுச்செருகியும் எடுத்தால் போனும் மடிக்கணினியும் ஒன்றாக ஓடும். நெய், பால்மா, இறைச்சி சேர்ந்த எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் அவற்றைக் கொண்டுசெல்லத் தடை. மீனுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் கருவாடு தப்பியது. மோர்மிளகாயை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று அம்மாவும் நானும் ஒரு மாலை முழுக்க விவாதித்து, கடைசியில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். இன்றுவரை கவலைதான்.

கோட்டுக் கட்சியின் முதல் பிழை, குளிர் என்றால் என்ன என்பதை நாங்கள் நுவரெலியாவை வைத்து அளப்பது. பேர்கனின் பிரச்சினை குளிரைவிட மழை. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பேர்கனில் 2,200 மில்லிமீற்றருக்கும் மேல், வருடம் முழுக்கப் பரந்து பெய்கிறது. 2006 ஒக்டோபர் கடைசியில் பிடித்த மழை 2007 ஜனவரிவரை, 85 நாள் ஒருநாளும் தவறாமல் பெய்த ஊர் அது. கடலோரம் என்பதால் டிசெம்பரிலும் பல நாள்களில் வெப்பம் பூச்சியத்துக்கு மேலேதான் நிற்கும். அந்த ஊரில் பஞ்சடைத்த தடித்த கோட்டு, நனைந்த தலையணை மாதிரி. தோழி முதல் வாரத்திலேயே அதைக் கண்டுகொண்டாள். கொழும்பில் ஒரு கடையில் மழைக்கும் தாங்கும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். துணி தாங்கியது உண்மை, தையல் தாங்கவில்லை. மழைக்கோட்டில் பார்க்க வேண்டியது துணியை அல்ல, உட்புறத்தில் தையலோரமாக ஒட்டியிருக்கும் நாடாவை. அது இல்லையென்றால் தோள்மூட்டு வழியாக நீர் இறங்கும்.

அங்கிருப்பவர்கள் உடுத்தும் முறையும் வேறு. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் ஒரு சுவெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் மழையையும் காற்றையும் தடுக்கும் மெல்லிய கோட்டு. பருத்தி உள்ளாடை வியர்வையையும் மழையையும் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். வீட்டுக்குள்ளும் வகுப்பறையிலும் வெப்பமூட்டி இருப்பதால் உள்ளே நமது பருத்திச் சட்டையே போதும். ஆகவே இங்கிருந்து எடுக்க வேண்டியது வீட்டுக்குள் உடுத்துவதும், தீபாவளிக்கு ஒரு சேலையும். குடை எடுத்துப் போகாதீர்கள். காற்று அதை முதல் நாளே மறுபக்கம் திருப்பிவிடும்.

நான் என்ன செய்தேன்? இரட்சணிய சேனை நடத்தும் ஃப்ரெடெக்ஸ் என்ற பழம்பொருள் கடையில் தையல்நாடா உள்ள மழைக்கோட்டு ஒன்றை 300 குறோணருக்கு எடுத்தேன். அப்போதைய மதிப்பில் 9,000 ரூபாய்க்குக் கிட்ட. எனக்கு உயரம் போதாது. பெரியவர்களுக்கான உடுப்பெல்லாம் நோர்வேக்காரரின் தோளுக்கு வெட்டியவை. சிறுவர் பிரிவுக்குப் போகச் சொல்லிக் கொடுத்தது அங்கே வேலை செய்த ஒரு பெண்மணி. அங்கே அளவைச் சென்டிமீற்றர் உயரத்தில் எழுதியிருப்பார்கள். 158 என்று போட்டது எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, விலையும் குறைவு. சப்பாத்தை மட்டும் புதிதாக வாங்கினேன். பிறர் கால் பழகிய சப்பாத்து எனக்குச் சரிவராது, அதில் நான் சிக்கனம் பேசத் தயாரில்லை.

இதுவரை சொன்னவற்றில் கோட்டுக் கட்சிக்கும் பதில் உண்டு. நல்ல கோட்டாகத் தேடி இங்கேயே வாங்கலாமே, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை கொழும்பில் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன. விலையிலும் பெரிய வித்தியாசம் வராது. என்னைத் தூளின் பக்கம் நிறுத்தியது வேறு ஒன்று. ஐந்து மாதம் கழித்து அந்தப் பொருளுக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி.

பெட்டி கட்டும்போது எல்லோரும் போகும் பயணத்தையே நினைக்கிறார்கள். ஒரு செமஸ்டருக்குப் போகிறவர் குடியேறப் போகவில்லை. கொண்டுபோன ஒவ்வொன்றையும் ஐந்தாம் மாதத்தில் மறுபடி எடைபோட வேண்டியவர். நான் கொண்டுபோன பதினொரு கிலோ சாப்பாடு டிசெம்பரில் எடையே இல்லாமல் போய்விட்டது. பையையும் மடித்துக் குப்பையில் போட்டேன். தோழியின் பதினொரு கிலோ உடுப்பில் ஒரு கிராமும் குறையவில்லை. அந்த ஐந்து மாதத்தில் சேர்ந்த புத்தகங்களும், வீட்டாருக்கு வாங்கிய சொக்கலேற்றும், ஆய்வுக் குறிப்புகளும் அதன்மேல் ஏறின. புறப்படும் முதல்நாள் இரவு அவளுடைய பெட்டி 36 கிலோ காட்டியது, என்னுடையது 22. கடைசியில் அவளுடைய போர்வையும் இரண்டு சுவெட்டரும் என் பெட்டியில் ஊருக்கு வந்தன.

அங்கேயே விற்றுவிட்டு வந்திருக்கலாமே? விற்கப் பார்த்தாள். ஒரு பொருளுக்கு விலை கிடைப்பது அதன் தேவை தெரிந்த ஊரில்தான். ஆனால் அந்த ஊர்க்காரருக்கு நல்லது கெட்டதும் தெரியும். அறிந்த பெயர் இல்லை, தையல்நாடா இல்லை என்றவுடன் யாரும் கை வைக்கவில்லை. நான் 300 குறோணருக்கு வாங்கிய கோட்டை எங்கள் மாடியிலேயே இருந்த இன்னொரு மாணவி 200 குறோணருக்கு வாங்கிக்கொண்டாள். ஐந்து மாத மழைக்கு எனக்குச் செலவு 100 குறோணர். ஃபான்டாஃப்ட் மாணவர் குடியிருப்பில் போகிறவர்கள் விட்டுச்செல்லும் சட்டி, விளக்கு, உடுப்பு எல்லாம் கைமாறிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில் இறங்கி, அங்கேயே எடுத்து அங்கேயே விட்டுவிடுவதுதான் இலகு.

இனி, கோட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தால் அதன் கதை என்ன? இங்கே ஆண்டு முழுக்க அதை உடுத்த ஒரு நாளும் இல்லை. அலுமாரியில் தொங்கும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அதைக்கூடக் கழுவலாம். கழுவ முடியாதது உட்பூச்சு. மலிவான மழைக்கோட்டுகளின் உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன், சூடும் ஈரமும் சேர்ந்த காற்றில் தானாகவே சிதையத் தொடங்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். பாதணிகளில் அதே பொருளால் செய்த அடிப்பாகமும் அப்படித்தான்: பாவிக்காமல் வைத்திருந்த சப்பாத்தை ஒரு நாள் போட்டுக்கொண்டு நடந்தால் அடி பொடியாகிக் கொட்டும். சூடும் ஈரமும் வருடம் முழுக்கச் சேர்ந்திருக்கும் எங்கள் ஊர் அவற்றைப் பத்திரப்படுத்த ஏற்ற இடமில்லை. கற்பூரவுருண்டை போட்டு, பொலித்தீனில் சுற்றி, பெட்டியில் பூட்டி வைத்தாலும் பலனில்லை. பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

தூள் கட்சிக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் மறைக்கவில்லை. பேர்கனில் தமிழ்க் கடை உண்டு. நோர்வேக்கும் நமக்கும் உறவு பழையது, 1960களில் காரைநகரில் எழுந்த சீநோர் மீன்பிடித் திட்டம் அந்த உறவில் பிறந்ததுதான். அரிசி, பருப்பு, தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பால், ஏன், முருங்கைக்காய்கூட அங்கே வாங்கலாம். அவற்றைத் தூக்கிக்கொண்டு போவது வீண். பொதிசெய்த மிளகாய்த்தூளும் இருக்கிறது. ஆனால் செத்தல், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை என்று தனித்தனியாக அம்மா வறுத்துச் சேர்த்த தூள் எந்தக் கடையிலும் இல்லை. கடையில் விற்காததைக் கொண்டுபோங்கள் என்பதுதான் நான் சொல்லும் கணக்கு. மூன்று கிலோத் தூளை இரண்டு பொலித்தீன் பைகளில் போட்டு, நாடா ஒட்டி, தகர டின்னுக்குள் இறக்குங்கள். நான் டின்னைத் தவிர்த்ததால் எனது ஒரேயொரு வெள்ளைச் சட்டை செம்மஞ்சளாகிப் பேர்கனில் வந்திறங்கியது. வெளியே வெயில் வரும்வரை காத்திருந்து காயவைக்கலாம் என்று நினைத்தேன். வெயில் வரவில்லை.

இன்னொன்று பணம். அங்கே வாங்குவது என்றால் முதல் வாரமே கையில் காசு வேண்டும். என் புலமைப்பரிசிலின் முதல் தவணை வந்துசேர மூன்று வாரமானது. அதுவரை தோழிதான் கடன் தந்தாள். கோட்டுக் கட்சிக்கு அந்த ஒரு புள்ளியைத் தயங்காமல் கொடுக்கிறேன்.

ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவம் முழுதாகப் பொருந்தாது. நான் ஓகஸ்டில் இறங்கினேன். மெல்லிய சுவெட்டரோடு கடை தேடி நடக்க முடிந்தது. ஜனவரியில் இறங்குகிறவர் விமான நிலையத்திலிருந்து ரயில்வண்டி பிடிக்கும் முன்னரே கோட்டு வேண்டும் என்பார். அவருக்கு என் ஆலோசனை, போய்வந்தவரிடம் ஒன்றை இரவல் கேட்பது. அதையும் பெட்டியில் வைக்காமல் உடுத்துக்கொண்டே விமானம் ஏறுவது. ஸ்டொக்ஹோம், ஹெல்சிங்கி போன்று பேர்கனைவிட மழை குறைந்த, குளிர் கூடிய ஊர்களில் நான் இருந்து பார்த்ததில்லை. அங்கே பஞ்சடைத்த கோட்டு வென்றாலும் வெல்லலாம்.

அப்படி இரவல் கேட்டு வந்த தம்பி ஒருவருக்குத் தோழி தன் கோட்டைச் சென்ற வாரம் எடுத்துக் கொடுத்தாள். உட்புறம் விரலில் ஒட்டத் தொடங்கியிருந்தது. அதைச் சொல்லித்தான் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, நெத்தலி எத்தனை கிலோ எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.