நைட்ரஸ் பொருத்தக் காரை விடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

2018-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர்கள் அதில் நைட்ரஸ் (எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தந்து திறனைக் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு) பொருத்த எண்ணினால், எனக்கு நேர்ந்ததை முதலில் அறிந்துகொள்ள வேண்டுகிறேன். கலிஃபோர்னியாவில் நான் நம்பிச் சென்ற ட்யூனிங் கடை, 100 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் கிட்டைப் பொருத்தி, இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்தள்ளியதாகவும் ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை விரைவாகக் கடத்தும்) ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டதாகவும் பில்லில் எழுதி, 1,900 டாலர் பெற்றுக்கொண்டது. இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்பது பிஸ்டன் உடைந்த பிறகே தெரிந்தது.

இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது காற்று-பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு இறுக்கப்படுகிறது என்ற கணக்கு, 12:1. 2015 முதல் 2017 வரை வந்த 5.0 லிட்டர் எஞ்சினில் அது 11:1 தான். வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும், கலவை எவ்வளவு இறுக்கப்படுகிறதோ அவ்வளவு சூடேறி, தானாகவே வெடிக்கும் எல்லையை நெருங்கிவிடுகிறது. காற்றில் எடையளவில் ஏறத்தாழ 23 விழுக்காடாக உள்ள ஆக்சிஜன், நைட்ரஸ் ஆக்சைடில் 36 விழுக்காடு. சிலிண்டரின் வெப்பத்தில் அது பிரிந்து வெளிப்பட, எரிதல் வேகமெடுக்கிறது. அப்போதும் தீப்பொறி பழைய நேரத்திலேயே விழுந்தால், பிஸ்டன் போதிய தூரம் இறங்குமுன்பே அழுத்தம் உச்சத்தை எட்டி அதன் தலையில் அறைகிறது. கூட்டும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் தீப்பொறியை 2 டிகிரி (எஞ்சின் தண்டு சுழலும் கோணத்தில்) பின்தள்ளுவது பொதுவான தொடக்கக் கணக்கு. 12:1 எஞ்சினில், இங்குள்ள பங்க்குகளில் கிடைக்கும் 91 ஆக்டேன் (தானாக வெடிப்பதைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோலுக்கு, அதற்கும் மேலே பின்தள்ள வேண்டும் என்பதே என் கருத்து. என் காரிலோ ஒரு டிகிரிகூடப் பின்தள்ளப்படவில்லை.

சோனோமா பந்தயத் தளத்தில் புதன்கிழமை இரவு நடந்த கால் மைல் ஓட்டத்தில், நைட்ரஸ் திறந்த சில வினாடிகளுக்குள் தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியதுபோல ஓசை எழுந்து, பின்னால் நீலப்புகை கிளம்பியது. வேறொரு மெக்கானிக் சோதித்தபோது ஏழு சிலிண்டர்கள் சரியாக இருக்க, எட்டாவதில் கம்ப்ரஷன் பாதிகூட இல்லை. அதற்குள் காற்றைச் செலுத்தினால் ஆயில் ஊற்றும் வாய் வழியாக வெளியேறியது; பிஸ்டனைத் தாண்டிக் கசிகிறது என்று பொருள். கழற்றிய பிளக்குகள் எட்டும் தொழிற்சாலையில் போட்டவை. எட்டாவதன் வெள்ளைப் பீங்கானில் உருகிய அலுமினியத் துகள்கள் மிளகுப்பொடி தூவியதுபோல ஒட்டியிருந்தன. எஞ்சின் கணினியிலும் நிறுவனம் வைத்த டைமிங்கே இருந்தது.

கடைக்காரரிடம் இவற்றைக் காட்டியபோது, நைட்ரஸ் போட்டால் இப்படி ஆவதுண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாநில வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

காரை எடுக்குமுன், நைட்ரஸ் திறந்த நிலையில் டைனோவில் (காரை நிறுத்தியபடியே ஓட்டித் திறனை அளக்கும் கருவியில்) ஓட்டிய பதிவைக் கேளுங்கள்; அதில் டைமிங் எத்தனை டிகிரி பின்னுக்குப் போனது என்பதைக் கண்ணால் பாருங்கள். வேலைக்கு விடும்போதே கேட்டுவைத்தால், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர கலிஃபோர்னியாவில் கடைகள் சட்டப்படி கடமைப்பட்டவை. பழைய பிளக்குகளை நான் அன்றே கேட்டிருந்தால், மாற்றவே இல்லை என்பது அந்தக் கடையின் வாசலிலேயே தெரிந்திருக்கும்.