பிளாசாவா, கிரே ஸ்ட்ரீட்டா, என்-2 சாலையா: தைக்கிறவர்கள் துணிக்கு எங்கே நிறுத்தலாம்?

ஜோகன்னஸ்பர்க்கில் கிளம்பி என்-3 நெடுஞ்சாலை வழியாக டர்பன், அங்கிருந்து என்-2 பிடித்து ஈஸ்டர்ன் கேப் மாகாணம், பிறகு புளூம்ஃபொன்டெய்ன் தொட்டு வீடு. டிசம்பர் லீவில் இந்தச் சுற்றை மூன்று முறை காரில் போய் வந்துவிட்டோம். மொத்தம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். வீட்டுக்காரருக்கு மலையும் கடலும் வேண்டும், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் உள்ள விடுதி வேண்டும். நான் துணி வாங்கப் போகிறேன்.

எனக்குத் தையல் தொழில் இல்லை. எனக்கும் மகளுக்கும் குர்த்தி, பாவாடை, சட்டை, அவ்வப்போது தோழிகளுக்கு ஜாக்கெட், அவ்வளவுதான். ஆனாலும் துணியை நான் எடுத்து, நான் வெட்டி, நான் தைத்துப் போட்டுக்கொள்ளும் உடுப்பில் இருக்கிற நிறைவு வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வரும் நம் ஊர்ப் பெண்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அக்கா, நல்ல துணி எங்கே கிடைக்கும்?” ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன். மால்களில் இருக்கும் பெரிய துணிக்கடைகளை இதில் சேர்க்கவில்லை. எந்த ஊர் மாலுக்குப் போனாலும் ஏறக்குறைய அதே சரக்கு. அதற்காக யாரும் காரை எடுக்க வேண்டாம்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளது. ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் உள்ள ஓரியன்டல் பிளாசா. நிறவெறி அரசு ஃபியட்டாஸ் பகுதியின் பதினான்காம் தெருவில் கடை வைத்திருந்த இந்திய வியாபாரிகளை அங்கிருந்து கிளப்பி, 1970-களில் இங்கே கொண்டுவந்து அடைத்தது. வாழ்ந்த தெருவை இழந்து வந்தவர்கள் கட்டி எழுப்பிய சந்தை இது. இன்று நூற்றுக்கணக்கான கடைகள். சேலை, திரைச்சீலை, சூட் துணி, லேஸ், ஜிப், ஊக்கு, சேலை ஃபால்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

ஜாக்கெட்டுக்கு மேட்சிங் வேண்டும் என்றால் பிளாசாவுக்கு ஈடு கிடையாது. ‘இரண்டுக்கு இரண்டு ரூபியா’ என்று ஜாக்கெட் துணியைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள், எடுத்தும் போடுவார்கள். சேலையைக் கையோடு கொண்டுபோங்கள். கடை விளக்கில் ஒத்துப்போகும் மயில்கழுத்து நிறம் வெயிலில் பச்சையடிக்கும், அதனால் துணியை வாசலுக்கு எடுத்து வந்து பார்க்காமல் வெட்டச் சொல்லாதீர்கள். பேரம் பேசலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும்.

பிளாசாவில் எனக்குக் குறையாகத் தெரிவது பருத்தி. மினுமினுப்பான பாலியஸ்டர், ஜார்ஜெட், கிரேப் ரோல்களுக்கு நடுவே நல்ல பருத்தியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். விசேஷ உடுப்புக்கு ஏற்ற இடம். தினமும் போட்டுத் துவைக்கிற துணிக்கு என் முதல் இடம் அது இல்லை.

அடுத்து டர்பன். தெருப்பலகையில் டாக்டர் யூசுஃப் தாது ஸ்ட்ரீட் என்றுதான் இருக்கும், ஆனால் பழைய ஆட்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட். ஜும்மா பள்ளிவாசல், அதை ஒட்டி 1927-இல் கட்டிய மதரசா ஆர்கேட், கொஞ்சம் நடந்தால் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு 1860 நவம்பர் 16 அன்று கரை சேர்ந்த துறைமுகம் இங்கேதான். அந்த வழி வந்தவர் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் அக்கா. உறவு இல்லை, கோயிலில் அறிமுகம். என்னோடு பேசுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் “வா ம்மா”, “சாப்டியா”, “துணி” இந்தச் சொற்கள் மட்டும் மாறாமல் தமிழில் வரும்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குடும்பத்தில் காவடி எடுப்பவர்களுக்கு மஞ்சள் உடுப்பை அக்காதான் தைக்கிறார். மஞ்சள் என்றால் எந்த மஞ்சளும் கிடையாது. எலுமிச்சை நிறம் ஆகாது, காவிக்கும் போய்விடக் கூடாது, அரைத்த மஞ்சளின் நிறம் வேண்டும். கிரே ஸ்ட்ரீட் பக்கம் உள்ள துணிக்கடைக்காரரிடம் இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதே இல்லை. அக்கா கடைக்குள் போய் “காவடிக்கு” என்றதும் அந்த ரோல் மேசைக்கு வந்துவிட்டது. அதே கடையில் பக்கத்தில் நின்ற ஸூலு அம்மாளுக்கு ஏப்ரன் துணியைச் சரியாக எடுத்துக் காட்டினார்கள். இரண்டு வாடிக்கையாளரின் தேவையையும் உள்ளங்கை ரேகை போல் அறிந்த கடைகள். பிளாசாவில் எனக்கு இந்த நெருக்கம் கிடைத்ததில்லை.

சில்லறைச் சாமான்களும் டர்பனில் நிறைய. பட்டன், ரிப்பன், பைப்பிங் கயிறு, நூல் எல்லாம் ஆர்கேட்டின் குறுகலான நடைபாதையில் கை எட்டும் தூரத்தில் தொங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிசம்பரில் டர்பன் காற்று ஈரமாக இருக்கும். கஞ்சி போட்ட பருத்தி அந்த ஈரத்தில் தளர்ந்து மெத்தென்று தெரியும். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றுக்கு வந்ததும் அதே துணி விறைத்துக்கொள்ளும். தொட்டுப் பார்த்ததை மட்டும் நம்பாமல், ஒரு மூலையைக் கசக்கி விட்டுச் சுருக்கம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், காலையிலேயே போய்விடுவது நல்லது. வாங்கிய பைகளைக் காரில் வெளியே தெரியும்படி வைக்க வேண்டாம்.

மூன்றாவது, என்-2 சாலை. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

போர்ட் ஷெப்ஸ்டோன் தாண்டி கோக்ஸ்டாட், உம்தாதா, பட்டர்வொர்த், ஈஸ்ட் லண்டன், அப்புறம் கோன்சே. 2021 வரை கிங் வில்லியம்ஸ் டவுன் என்று இருந்த ஊர்தான் கோன்சே. டாக்ஸி ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு தெரு, அதில் இரண்டு மூன்று துணிக்கடை, கடைத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைக்கிற பெண்கள். நம் ஊரில் ஜவுளிக்கடை வாசலில் டெய்லர் உட்கார்ந்திருப்பாரே, அதே காட்சிதான். அங்கே மூத்த பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்றுதான் அழைக்க வேண்டும். நம் காதுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இந்தக் கடைகளின் உயிர் ஷ்வேஷ்வே என்ற அச்சுப் பருத்தித் துணி. கருநீலத்தில், சாக்லேட் பழுப்பில், சிவப்பில் பொடிப் பொடியாகப் புள்ளியும் வட்டமும் இலையும். லெசோத்தோவின் மன்னர் முதலாம் மொஷ்வேஷ்வேக்கு 1840-களில் பிரெஞ்சுப் பாதிரிமார் நீலச் சாயத் துணியைப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அவர் பெயரே துணிக்கு ஆனது என்பார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் ஈஸ்டர்ன் கேப்பில் குடியேறிய ஜெர்மானியர்களும் இதே நீலத் துணியை உடுத்தினார்கள். அதனால் அந்தப் பகுதியின் கோசா மொழியில் இதற்கு ‘உஜமானி’ என்றும் ஒரு பெயர் உண்டு. நெடுங்காலம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த துணி, 1982-இல் கோன்சேக்குப் பக்கத்திலேயே உள்ள ஸ்வெலிட்ஷா ஆலையில் அச்சாகத் தொடங்கியது. த்ரீ கேட்ஸ் என்ற புகழ்பெற்ற முத்திரையின் உரிமையை 1992-இல் அந்த ஆலையின் டா காமா நிறுவனமே வாங்கிக்கொண்டது. அச்சிடும் செப்பு உருளைகளும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தன.

அச்சிடும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைத் துணியில் நீலப் பூ போடுவதில்லை. துணி முழுவதையும் முதலில் சாயத்தில் தோய்த்துவிட்டு, செப்பு உருளையில் செதுக்கிய கோலத்தின் வழியாக லேசான அமிலத்தை வைத்து, அந்த இடத்தில் மட்டும் நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் புள்ளிகள் அவ்வளவு நுணுக்கமாக, துணிக்குள்ளிருந்தே வெளிச்சம் வருவது போலத் தெரிகின்றன. மதுரைச் சுங்குடியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏறாமல் தடுத்துப் புள்ளியைக் காப்பாற்றுகிறோம். இங்கே ஏறிய சாயத்தை எடுத்துப் புள்ளியைக் கொண்டுவருகிறார்கள். சுங்குடி உடுத்தி வளர்ந்த எனக்கு, முதல் முறை அந்தக் கருநீலத்தை மேசையில் விரித்தபோது அம்மாவின் அலமாரியைத் திறந்த மாதிரி இருந்தது.

புதுத் துணி அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், பயந்துவிட வேண்டாம். கப்பலில் வந்த காலத்தில் கடல் ஈரம் தாக்காமல் இருக்க ஏற்றிய கஞ்சி, இன்றும் அப்படியே தொடர்கிறது. துவைத்தால் போய்விடும், அப்புறம் ஒவ்வொரு சலவைக்கும் மென்மை கூடும். உம்தாதாவில் கடைத் திண்ணையில் தைத்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் எனக்கு அசலைச் சோதிக்கச் சொல்லிக் கொடுத்தார். மூலையை நாக்கு நுனியில் வைத்தால் உப்புக் கரிக்க வேண்டும், முகர்ந்தால் அதற்கே உரிய வாசனை வர வேண்டும், பின்பக்கம் திருப்பினால் ஆலை முத்திரை இருக்க வேண்டும். மூன்றையும் அவரே செய்து காட்டிவிட்டுத் துணியை என்னிடம் நீட்டினார். நாக்கில் வைத்தேன், உப்பு இருந்தது.

அதற்கு முந்தைய பயணத்தில் இது தெரியாமல் போலி ஒன்றை வாங்கியிருந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. மீட்டருக்கு விலை குறைவாக இருந்தது, கோலமும் அச்சு அசல். வீட்டுக்கு வந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் பருத்தி போலச் சாம்பலாகாமல் உருகி மணியாய்த் திரண்டது. ஆறு மீட்டர் பாலியஸ்டர். மகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தேன், வியர்க்கிறது என்று இரண்டாம் முறை அவள் தொடவே இல்லை.

வெட்டுகிற விதத்திலும் இந்தச் சின்ன ஊர்க் கடைகளை எனக்குப் பிடிக்கும். நான் பார்த்த கடையில் கத்தரியால் ஓரக்கரையில் ஒரு வெட்டு மட்டும் வைத்து, இரண்டு கையாலும் சர்ரென்று கிழித்துக் கொடுத்தார்கள். கிழிசல் குறுக்கு நூலோடு நேராகப் போகும், துணி கோணாது. வீட்டில் மேசையில் போட்டு நேர் பார்க்கிற வேலை பாதி மிச்சம். நகரக் கடைகளில் வேகமாகக் கத்தரியை ஓட்டும்போது ஒரு பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்ந்துபோய், அது நம் கணக்கில்தான் கழியும்.

ஷ்வேஷ்வேயின் சிக்கலையும் சொல்ல வேண்டும். அகலம் 90 சென்டிமீட்டர்தான். 115 அகலப் பருத்தியில் இரண்டேகால் மீட்டரில் முடியும் என் குர்த்திக்கு இதில் மூன்று மீட்டர் வேண்டும். அதனால் மீட்டர் விலையை மட்டும் வைத்துப் பிளாசா பருத்தியோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும், ஓர் உடுப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். சுருங்கவும் செய்யும். நான் துவைத்துப் பார்த்த ஒரு மீட்டர் 96 சென்டிமீட்டராக நின்றது. தைக்கும் முன் துவைத்தே ஆக வேண்டும், நீலத்தைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஒரு பக்க அச்சு என்பதால் திரும்பித் தெரியும் காலர், கைமடிப்பு வைக்க யோசிக்க வேண்டும். அந்த மாதிரி உடுப்புக்கு இரு பக்கமும் ஒரே நிறம் காட்டும் மெழுகு அச்சு ஆப்பிரிக்கத் துணி மேல். அது ஆறு கஜத் துண்டாக எல்லா ஊரிலும் கிடைக்கிறது, பிளாசாவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

என்-2 போகிறவர்கள் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 16 அரசு விடுமுறை. அதை ஒட்டி ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்யும் குடும்பங்கள் ஊர் திரும்பும் நேரம், கல்யாணமும் சடங்கும் நடக்கும் காலம். புது மருமகளுக்கு ஷ்வேஷ்வே உடுத்துவது வழக்கம் என்பதால் நல்ல நீலமெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் வாரத்திலேயே போய்விட்டால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். சனி மதியத்தோடு மூடிவிடும் கடைகளும் உண்டு. உம்தாதாவைச் சுற்றியுள்ள டிரான்ஸ்கை பகுதியில் மாடுகள் சாலையில் நிற்கும், அதனால் இருட்டிய பிறகு வண்டி ஓட்ட வேண்டாம்.

என் கணக்கு இப்படி: கல்யாண ஜாக்கெட், பட்டுச் சேலைக்கு மேட்சிங் என்றால் பிளாசாவே போதும், காரில் ஊர் சுற்றத் தேவையில்லை. கோயில் உடுப்பு, பட்டன், நூல், லைனிங் டர்பனில். தினமும் உடுத்தி வருஷக்கணக்கில் துவைக்கும் பருத்திக்கு என்-2 சாலைதான், துணிப் பணத்தில் பாதியை அதற்கென்றே எடுத்து வைக்கிறேன். மூன்றிலும் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் உம்தாதாவில் வண்டியை நிறுத்துவேன். துணியை விற்கிறவர், தைக்கிறவர், உடுத்துகிறவர் மூவரும் ஒரே திண்ணையில் இருக்கும் கடையில் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் கிடைத்தது.

மூன்று முறையும் செய்த தவறு ஒன்று உண்டு. டர்பன் முதலில் வருவதால் லைனிங்கும் பட்டனும் அங்கே வாங்கிவிட்டு, பிறகு ஈஸ்டர்ன் கேப்பில் எடுத்த துணிக்கு அவை ஒத்துப்போகாமல் வீட்டில் கிடக்கின்றன. வரும் டிசம்பரில் சுற்றையே திருப்பிப் போடுகிறோம். புளூம்ஃபொன்டெய்ன், என்-6, முதலில் கோன்சே, அப்புறம் உம்தாதா, கடைசியில் டர்பன். துண்டுத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆர்கேட்டில் பட்டன் தேடலாம். சாட்ஸ்வர்த் அக்கா இப்போதே சொல்லிவிட்டார்: சாக்லேட் பழுப்பு, பொடிப் புள்ளி, மூன்று மீட்டர். நான் மூன்றரை எடுப்பதாக இருக்கிறேன், சுருங்கும் இல்லையா.