இருளில் ஒரு துப்பறிவாளன், வெயிலில் ஒரு துப்பறிவாளன்

1941இல் வெளிவந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்', 1974இல் வெளிவந்த 'சைனாடவுன்' ஆகிய இரண்டு ஹாலிவுட் படங்களிலும் நாயகன் தனியார் துப்பறிவாளனே என்றாலும், அவனைக் கண்முன் நிறுத்தும் முறையில் அவை எதிரெதிரானவை.

கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட முன்னதில், நாயகனாக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டின் கோட்டும் தொப்பியும் எளியவை. குணத்தைச் சொல்லும் வேலையைப் பெரும்பாலும் ஒளியே செய்கிறது. தாழ்ந்த கோணங்களும் அடர்ந்த நிழல்களும் இவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்ற ஐயத்தை இறுதிவரை காக்கின்றன. முடிவில் மின்தூக்கியின் கம்பிக்கதவு, குற்றவாளிப் பெண்ணின் முகத்தில் சிறைக்கம்பிகளாக நிழல் வீழ்த்துகிறது.

பின்னது 1930களின் லாஸ் ஏஞ்சலஸ் வறட்சியில் நிகழும் வண்ணப்படம் என்பதால், ஒளிய இடம் தராத வெயிலே அதன் பெரும்பகுதியை ஆள்கிறது. ஜாக் நிக்கல்சன் ஏற்ற பாத்திரம், கச்சிதமாகத் தைத்த வெளிர்நிற சூட்டுகளில் பெருமை கொண்டவன். அந்தப் பெருமையைத்தான் படம் குறிவைக்கிறது. அவனுடைய மூக்கு கத்தியால் கிழிக்கப்பட்ட பிறகு, முகத்தின் நடுவே பெரிய வெள்ளைக் கட்டுடன் அவன் நெடுநேரம் அலைகிறான். நட்சத்திர நடிகரின் முகத்தை இப்படிக் குலைக்கத் துணிந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

இருளில் மர்மம் எளிதில் பிறந்துவிடும். எல்லாம் தெரியும் பகலில் உண்மையை மறைப்பது கடினம் என்பதால், என் தேர்வு 'சைனாடவுன்'. முன்னதை இயக்கிய ஜான் ஹூஸ்டனே இதில் வில்லன். நாயகனை அவர் முதன்முதலில் சந்திப்பதும் திறந்தவெளியில், பகலுணவு மேசையில்தான்.