கோத்தகிரிக்கு வந்த ஷவர் ஃபில்டர்

கோவையில் இருந்தவரை எங்கள் வீட்டில் குடிக்கச் சிறுவாணி, குளிக்க போர் தண்ணீர். பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளைக் காறை. ஷவரில் பாதி ஓட்டை அடைத்திருக்கும், சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. மகளுக்கு மூன்று வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் என்கிற அரிப்புத் தோல் நோய் (எக்ஸிமா) வந்தது. ராத்திரி தூக்கத்திலேயே சொறிவாள். காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். அதைப் பார்க்க முடியாமல்தான் 2,200 ரூபாய் கொடுத்து ஷவர் ஃபில்டர் வாங்கினேன். இரண்டு வருடம் கோவையில், அப்புறம் மூன்று வருடம் கோத்தகிரியில் அதைப் பயன்படுத்தியாகிவிட்டது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கோவைக் கதை. பெட்டியின் மேல் ‘உப்புத் தண்ணீரை மென்மையாக்கும்’ என்று போட்டிருந்தது. மாட்டிய முதல் வாரம் எனக்கும் தோல் மிருதுவான மாதிரிதான் தோன்றியது. இரண்டு மாதத்தில் புது ஷவரிலும் வெள்ளை படிந்துவிட்டது. சந்தேகம் வந்து ஒரு சோதனை செய்தேன். மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர், குளியல் சோப்பைச் சீவி இரண்டு சிட்டிகை, இருபது குலுக்கு. ஃபில்டருக்கு முன்னால் பிடித்த தண்ணீரிலும் பின்னால் பிடித்த தண்ணீரிலும் திரிந்த பால் மாதிரி ஒரே திப்பிதான் மிதந்தது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் திப்பி அது. குளித்த பிறகு தோலிலும் முடியிலும் பிசுக்கென்று ஒட்டுவதும் அதுதான்.

கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் சுண்ணாம்புக் கணக்கில், லிட்டருக்கு 600 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் விரும்பத்தக்கது 200, வேறு வழியில்லாத இடத்தில் அதிகபட்சம் 600. ஒரு குளியலுக்கு 50 லிட்டர் என்றால் 30 கிராம் சுண்ணாம்பை எடுக்க வேண்டும். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியில் சுண்ணாம்பைப் பிடிக்கப் போடும் ரெசின் மணிகள் ஒரு லிட்டர் இருந்தால் சுமார் 50 கிராம் பிடிக்கும், அப்புறம் உப்புக் கரைசல் விட்டுக் கழுவியாக வேண்டும். கைக்கு அடக்கமான ஷவர் ஃபில்டரில் கால் லிட்டர் ரெசின் இருந்தாலே பெரிது. அது அரைக் குளியலுக்குக்கூடக் காணாது. கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து இதைப் பார்க்கவும் முடியாது. நல்ல சாஃப்ட்னரே கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுவதால் மீட்டரில் எண் பெரிதாகக் குறையாது. பாட்டில் சோதனைதான் நம்பகமானது.

மூன்று வருடத்துக்கு முன் வேலை மாறி கோத்தகிரி வந்தோம். இங்கே எங்கள் தெருவுக்கு மேட்டிலிருந்து ஓடைத் தண்ணீர் வருகிறது. இந்த மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. சுண்ணாம்புக்கல் மாதிரி அது தண்ணீரில் சுலபமாகக் கரையாது. அதனால் பாட்டிலைக் குலுக்கினால் கழுத்து வரை நுரை, திப்பியே இல்லை. முதல் மாதம் எங்களுக்குத் திருவிழாதான். மனைவியின் முடியில் சிக்கு விழவில்லை, சோப்பும் பாதிதான் செலவானது. உடம்பில் சோப்பு போகாமல் வழவழவென்றே இருக்கிறதே என்று சுடச்சுட வெந்நீரில் இன்னும் பத்து நிமிஷம் நிற்பேன்.

டிசம்பரில் கணுக்கால் மீன் செதில் மாதிரி வெடித்தது. மகளுக்குக் கரப்பான் திரும்ப வந்தது. இவ்வளவு நல்ல தண்ணீரில் எப்படி என்று எனக்கு ஆறவே இல்லை. தோல் டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: “எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் குளிக்கிறீங்க?” குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. அதோடு கொதிக்கும் நீரும் சோப்பும் சேர்ந்து தோலின் எண்ணெய்ப்பசையை வழித்துவிடுகின்றன. வெதுவெதுப்பான நீர், ஐந்திலிருந்து பத்து நிமிஷம், சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும், துடைத்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். இவ்வளவுதான் சொன்னார். தண்ணீரை மாற்றினால் கரப்பான் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இங்கிலாந்து ஆய்வு ஒன்று 2011-லேயே பதில் சொல்லியிருக்கிறது. 336 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிப் பேர் வீட்டில் 12 வாரம் சாஃப்ட்னர் வைத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இதை முன்பே படித்திருந்தால் கோவையில் அந்தப் பணத்துக்கு நல்ல களிம்பு வாங்கியிருப்பேன்.

அப்படியானால் ஃபில்டர் வீணா? இல்லை, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசியில் ஓடை செம்மண்ணாக இறங்கும். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சு நாலு மாதம் தாங்கும் என்றார்கள். ஒன்பதே நாளில் செங்கல் நிறமாகி, பிழிந்தால் சேறு வடிந்தது. அது மேலே படாமல் நின்றது நிம்மதிதான். ஆனால் மண் பிடிக்க அவ்வளவு விலை தேவையில்லை. டேங்குக்குப் போகும் குழாயில் ஐந்து மைக்ரான் பஞ்சு ஃபில்டர் ஒன்றை பிளம்பர் மாட்டிக் கொடுத்தார், வீட்டுக்கே அது போதுகிறது. கோடை விடுமுறையில் இரண்டு வாரம் பூட்டிவிட்டு வந்தபோது ஷவர் ஃபில்டரிலிருந்து பாசி நாற்றம் அடித்தது. கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை எடுத்துவிட்ட தண்ணீர் ஃபில்டருக்குள்ளேயே தேங்கினால் கிருமி வளரத்தான் செய்யும். அன்றே கழற்றிவிட்டேன்.

ஃபில்டரைவிட முக்கியமான ஒன்று உண்டு. மலையில் குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கி அடைத்துவிட்டு கேஸ் கீசர் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றோட்டம் இல்லாமல் கேஸ் எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். டேங்க் வைத்த கரண்ட் கீசர் என்றால் 60 டிகிரியில் வைத்து, குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 40-இல் வைத்தால் லீஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமிக்கு அது தோதான சூடு.

இப்போது மகளுக்கு எட்டு வயது. இங்கே மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்திருக்கும். குளிக்கப் போகும்போதே பாட்டிலை வெந்நீர் மக்கில் நிறுத்திவிடுவாள். வெளியே வரும்போது எண்ணெய் உருகியிருக்கும். துண்டோடு உட்கார்ந்து டாக்டர் கொடுத்த களிம்பை மடிப்பில் தடவிவிட்டு, கைகால் முழுக்க எண்ணெய் பூசிக்கொள்கிறாள். போன இரண்டு குளிர்காலமும் தலையணை உறை சுத்தமாகவே இருந்தது.