ஆறு ஆண்டுகளாக ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ்

மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். என்னுடையதில், உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழ்களில் இரண்டாவதைத் திருப்பினால் இப்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வருகிறது. ஆறு ஆண்டுகளாகத் திருகிய குமிழ். கரகரக்க அதற்கு உரிமை உண்டு. மற்றபடி பெட்டி நன்றாகவே இருக்கிறது. "இன்னுமா இதை வைத்திருக்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் விளக்குவதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

பெட்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பயனில்லை, அதே மாடல் இப்போது வருவதில்லை. பலரும் அறிந்த, ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் தலைமுறை 2016, மூன்றாம் தலைமுறை 2019, நான்காம் தலைமுறை 2023. மாடல்கள் இந்த வேகத்தில் மாறும்போது, எதைப் பார்த்து வாங்கினேன், அவற்றில் எது கைகொடுத்தது, எது வெறும் எண்ணாகவே நின்றுவிட்டது என்று சொல்வதுதான் வாங்கப்போகிறவருக்கு உபயோகம்.

இதற்கு முன்னால் இரண்டு மைக் மட்டும் செருகக்கூடிய சிறிய பெட்டி ஒன்று வைத்திருந்தேன். அது உடையவில்லை, கருகவில்லை. கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் காலை, கணினிக்கு அது யாரென்றே தெரியவில்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன்; பெட்டியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளான டிரைவர் அந்த மாடலுக்கு இனிப் புதிதாக வராது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விளக்கு எரிகிறது, குமிழ் திரும்புகிறது, ஆனால் ஒலி கணினிக்குள் போகாது. நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே ஓய்வு கொடுக்கப்பட்ட அந்தப் பெட்டி இன்றும் என் அலமாரியில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அதனால் அடுத்ததைத் தேடியபோது முதலில் பார்த்தது ஒலித்தரத்தை அல்ல. அந்த நிறுவனம் பத்து ஆண்டுகளுக்கு முன் விற்ற பெட்டிகளுக்கு இப்போதும் டிரைவர் தருகிறதா என்று அதன் பதிவிறக்கப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. டிரைவரே நிறுவாமல், யூஎஸ்பியின் பொது விதிகளின்படி இயங்கும் வசதி இருக்கிறதா என்றும் பார்த்தேன். அது இருந்தால் மேக், ஐபேட், லினக்ஸ் ஆகியவற்றில் செருகியவுடன் வேலை செய்யும். விண்டோஸும் 2017இலிருந்து இத்தகைய பெட்டிகளை அடையாளம் காண்கிறது. ஆனால் அங்கே மிகக் குறைந்த தாமதத்தோடு பதிவு செய்ய நிறுவனத்தின் சொந்த ஆசியோ டிரைவர் வேண்டும். ஆசியோ என்பது, பதிவு மென்பொருள் பெட்டியோடு நேரடியாகப் பேச ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏற்பாடு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விண்டோஸில் இசைப்பதிவு அதன் தோளில்தான் நிற்கிறது.

விவரத்தாளில் என்னை மயக்கிய எண்களையும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்பதைக் காட்ட, 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் அந்த வேகத்தில் நான் பதிவு செய்தது ஒரே ஒருமுறை, அதுவும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடுகிறது. மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20. காணொளிகளுக்கும் சேர்த்து வேலை செய்வதால் நான் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம்) என்று வைத்தேன். பிறகு அதைத் தொடவே இல்லை.

மைக்கின் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் பிரீஆம்பின் இரைச்சல் அளவும் அப்படித்தான். 150 ஓம் மின்தடை உள்ள மைக்கிலிருந்து வெப்பத்தால் மட்டுமே எழும் இரைச்சல் சுமார் மைனஸ் 131 டெசிபல். அதற்குக் கீழே யாராலும் போக முடியாது. இன்றைய சாதாரணப் பெட்டிகள்கூட மைனஸ் 128 அளவுக்கு வந்துவிட்டன. மிச்சமிருக்கும் மூன்று டெசிபலுக்காக இரவுகளைச் செலவிட்டேன். என் அறையின் மின்விசிறி அதையெல்லாம் மூழ்கடித்துக்கொண்டு தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

விவரத்தாளில் நான் கவனிக்காமல் விட்டு, பழைய பெட்டியில் அடிபட்ட பிறகே கற்றுக்கொண்ட எண் கெயின். ஷூர் எஸ்எம்7பி போன்ற, காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டு இயங்கும் டைனமிக் மைக் தருவது மிகச் சிறிய மின்னழுத்தம். அதன் உணர்திறன் 1.12 மில்லிவோல்ட். பரவலான எஸ்எம்58 தருவது 1.85. வெளியிலிருந்து மின்சாரம் பெற்று இயங்கும் நல்ல கண்டென்சர் மைக் ஒன்று 20 மில்லிவோல்ட் வரை எளிதாகக் கொடுக்கும். அதாவது இரண்டு கோடிகளுக்கும் இடையே 25 டெசிபல் வேறுபாடு. மெல்லிய குரலை டைனமிக் மைக்கில் பதிவு செய்ய 60 டெசிபல் கெயின் தேவைப்படுகிறது. என் பழைய பெட்டி 50ஐத் தாண்டாது. குமிழைக் கடைசிவரை திருப்பினால் குரலோடு 'ஸ்' என்று மழை பெய்தது. மைக்கைக் குறை சொன்னேன், கம்பியை மாற்றினேன், குரலை உயர்த்தச் சொல்லி ஒரு பாடகியை வருத்தப்படவும் வைத்தேன். தவறு பெட்டியில் இருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அதை வாங்கிய என்னிடம்.

இப்போதைய பெட்டியில் 65 டெசிபல் வரை உண்டு. கடைசி ஐந்து டெசிபலில் இரைச்சல் லேசாகக் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் உச்ச கெயின் எவ்வளவு என்பதோடு நிற்காமல், குமிழை முழுவதும் திருப்பி, மைக்கின் முன்னால் யாரும் பேசாத சில நொடிகளைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

இனி, இந்தப் பெட்டியை ஆறு ஆண்டுகள் மேசையில் வைத்திருக்கச் செய்த விஷயத்துக்கு வருகிறேன். பாடுபவர் ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்கிறார் அல்லவா? அந்தக் குரல் மைக்கிலிருந்து கணினிக்குள் போய், பதிவு மென்பொருளைத் தொட்டுத் திரும்பி வர நேரமாகிறது. கணினி ஒருமுறைக்கு எத்தனை அளவீடுகளைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறது என்பதுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் அதை 512 என்று வைத்தால் போக 10.7 மில்லிநொடி, வர 10.7. காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு 34 சென்டிமீட்டர் போகும். ஆக, பாடகி தன் குரலை ஏழு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். "என் குரல் என் பின்னாலேயே ஓடி வருகிறது, அண்ணா" என்றார் ஒருவர். பஃபரை 64க்கு இறக்கினால் தாமதம் குறையும். ஆனால் ஏற்கெனவே இருபது தடங்கள் ஓடும் திட்டத்தில் கணினி மூச்சுத் திணறி, நடுநடுவே வெடிப்புச் சத்தம் வரும். பாடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் குரல் எலும்பு வழியாக உடனடியாகவே காதுக்குப் போய்விடுகிறது. ஐந்தாறு மில்லிநொடி கழித்து ஹெட்ஃபோனில் வரும் குரல் அதோடு கலக்கும்போது, தாமதமாகத் தெரியாவிட்டாலும் குழாய்க்குள் பாடுவதுபோல் தோன்றும்.

கணினிக்குப் போகாமல் மைக்கின் ஒலியை நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வழி பழைய பெட்டியிலும் இருந்தது. ஆனால் அங்கே குரல் வறண்டு கேட்கும். வறண்ட குரலைக் கேட்டுக்கொண்டு எவரும் மனம் விட்டுப் பாடுவதில்லை, சுருதிகூட நழுவும். புதிய பெட்டிக்குள்ளேயே ஒரு மிக்ஸர் இருக்கிறது, அதில் குரலுக்குக் கூடத்தின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்ப் இருக்கிறது. பாடகி காதில் கூடம் நிறைந்த குரலைக் கேட்கிறார். பதிவாவதோ எதுவும் சேராத சுத்தமான குரல். கணினி என்ன பாடுபட்டாலும் அவருக்குத் தெரியாது. முதல் முறை இப்படிப் பதிவு செய்த நாளில், பத்துப் பன்னிரண்டு முறை பாடி முடிக்கும் பல்லவியை மூன்றாவது முறையில் முடித்தோம். அதற்கு முன்னால் நான் பிரீஆம்ப் எண்களோடு கழித்த இரவுகளை நினைத்துச் சிரிப்பு வந்தது.

அந்த மிக்ஸர் மென்பொருள் எனக்குப் புரிய மூன்று மாதங்கள் ஆயின என்பதையும் மறைக்கக் கூடாது. எந்த உள்ளீடு எந்த வெளியீட்டுக்குப் போகிறது என்று காட்டும் கட்டங்கள் குறுக்கெழுத்துப் போட்டிபோல் இருக்கும். ஒரு வாரம் முழுக்க எல்லாம் இரட்டையாகக் கேட்டது. பதிவு மென்பொருளிலும் குரலைத் திருப்பிக் கேட்கும் வழியைத் திறந்து வைத்திருந்தேன், பெட்டியிலும் திறந்து வைத்திருந்தேன், வேறொன்றுமில்லை.

உள்ளீடுகளின் எண்ணிக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நினைப்பதைவிட இரண்டு கூடுதலாக வாங்குங்கள். தனியாகப் பாடி, தனியாகக் கிட்டார் வாசிப்பவருக்கு இரண்டு போதும் என்பது உண்மைதான். என் வீட்டுக்கு ஒருநாள் மிருதங்கம் வந்தது. ஒரே மைக்கை வலந்தலைப் பக்கம் வைத்துப் பதிவு செய்து கேட்கக் கொடுத்தேன். "தொப்பி எங்கே போயிற்று, தம்பி?" என்றார் வாசித்தவர், மிருதங்கத்தின் இடப்பக்கத்தைச் சொல்லி. மிருதங்கத்துக்கு இரண்டு மைக், குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று. நான்கு உள்ளீடுகள் அங்கேயே தீர்ந்துவிட்டன. அன்றைக்குக் கற்ற இன்னொன்று: ஒத்திகையில் யாரும் முழு பலத்தோடு வாசிப்பதில்லை. 24 பிட்டில் இடம் தாராளமாக இருப்பதால், உச்சத்துக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழேயே நிறுத்திவிடுவேன். பிறகு தனி ஆவர்த்தனத்தில் எப்படி அடித்தாலும் கவலையில்லை.

பின்பக்கத்தில் இருந்த ஏடாட் என்னும் ஒளியிழைத் துளையை நான்கு ஆண்டுகள் தூசி மூடிக் கிடக்கவிட்டேன். பிறகு நண்பரின் எட்டுச் சேனல் பிரீஆம்பை இரவல் வாங்கி அதில் இணைத்தபோது நான்கு உள்ளீடு பன்னிரண்டானது. 48 கிலோஹெர்ட்ஸில் எட்டுத் தடங்களும் வரும், 96 என்றால் நான்குதான். முதல் நாள் சில நொடிகளுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டது. இரண்டு பெட்டிகளும் தத்தம் கடிகாரத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை மற்றதன் கடிகாரத்தைப் பின்பற்றும்படி மாற்றியதும் நின்றது. ஒரு மேடையில் இரண்டு பேர் தாளம் போட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. கண்டென்சர் மைக்குக்குக் கம்பி வழியாகவே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் பவருக்கு நான்கு உள்ளீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொத்தான். கண்டென்சர் மைக்குக்காக அதைப் போட்டால் எல்லாக் கம்பியிலும் மின்சாரம் பாயும். சமநிலைக் கம்பியில் செருகிய டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒருமுறை பழைய ரிப்பன் மைக் ஒன்று வந்தபோது மட்டும் நெஞ்சு படபடத்தது; கம்பியில் கோளாறு இருந்தால் அந்த மெல்லிய நாடா போய்விடும். அன்று கண்டென்சரை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனிப் பொத்தான் உள்ள பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஹெட்ஃபோன் துளை இரண்டு இருக்கிறது, நல்லது. ஆனால் அதன் வலு குறைவு. பெயர்டைனமிக் டிடி 770 என்ற ஹெட்ஃபோன் 32, 80, 250 ஓம் என்று பல வகைகளில் வந்திருக்கிறது. ஓம் கூடினால் அதை ஓட்ட அதிக மின்னழுத்தம் வேண்டும் என்று யோசிக்காமல் நான் 250ஐ வாங்கினேன். குமிழைக் கடைசிவரை திருப்பியும் டிரம்முக்கு எதிரே அது கேட்கவில்லை. 80 ஓம் வகைக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது. ஒலியளவு காட்ட ஒரு சேனலுக்கு ஒரே ஒரு விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பைப் பார்க்கும்போது காரியம் கெட்டிருக்கும். மூன்றாம் ஆண்டில் மின் அடாப்டர் உயிரை விட்டது. வேறொன்று வாங்கும்போது வோல்ட் அளவோடு, நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்றும் பார்த்துத்தான் செருகினேன்.

மடிக்கணினியின் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் வண்டு ரீங்கரித்ததும் உண்டு. பெட்டியைச் சந்தேகித்தேன். ஸ்பீக்கருக்குப் போன கம்பிகளை மூன்று முனைச் சமநிலைக் கம்பிகளாக மாற்றியதும் வண்டு பறந்துவிட்டது. பதிவின் நடுவே பெட்டி காணாமல் போவதற்குக் காரணம், விண்டோஸ் மின்சாரத்தைச் சேமிப்பதாக நினைத்து யூஎஸ்பியைத் தூங்கவைத்தது. அந்த அமைப்பை அணைத்து, ஹப்பை நீக்கி நேரடியாகக் கணினியில் செருகினேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட நிகழவில்லை.

யூஎஸ்பி என்றதும் நினைவுக்கு வருகிறது: என் பெட்டி யூஎஸ்பி 2தான், அது போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 1.15 மெகாபிட் தேவை. பன்னிரண்டு தடங்களுக்குப் பதினான்கு. யூஎஸ்பி 2 சொல்லும் வேகம் 480. சி வடிவத் துளை இருப்பது வசதி, அவ்வளவுதான். ஒலி அதனால் மாறாது.

புதிய பெட்டிகளில், மிக மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரே பதிவில் அடக்கும் 32 பிட் ஃப்ளோட் முறை வந்திருக்கிறது, கெயினை மறந்துவிடலாம் என்கிறார்கள். ஆளில்லாமல் ஓடும் பதிவுகளுக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை எந்தப் பிட்டும் ஒட்டவைக்காது. இந்தப் பெட்டிக்கு டிரைவர் நிற்கும் நாளில்தான் அடுத்ததைப் பற்றி யோசிப்பேன். சென்ற மாதம்கூட ஒரு புதுப்பிப்பு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிவு இருக்கிறது. பாடகியின் மைக்கை மூன்றாவது உள்ளீட்டுக்கு மாற்றிவிட்டேன். கரகரக்கும் இரண்டாவதில் கீபோர்டு. அதற்கு ஒருமுறை கெயின் வைத்தால், சாயங்காலம் வரை குமிழைத் தொட வேண்டியதில்லை.